இந்த வருஷம் ராத்திரி வண்டி வேண்டாம்: பள்ளிச் சுற்றுலா பற்றி ஒரு பஸ் டிரைவரின் திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மா அப்பாக்களுக்கும் வணக்கம். காட்பாடியிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் டிரைவர் எழுதுகிறேன்.

மூன்று மாவட்டம் என்று எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நான் லைசென்ஸ் எடுத்த காலத்தில் எல்லாமே வட ஆற்காடுதான். 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019-இல் மிச்சத்தை மூன்றாக்கினார்கள். வண்டிக்காரனுக்கு ரோடு மாறவில்லை. முதல் ஒன்பது வருஷம் லாரி, அப்புறம் டூரிஸ்ட் பஸ், கடைசி ஆறு வருஷமாகக் கடன் போட்டு வாங்கிய சொந்த வண்டி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை முதலில் ‘டிரைவர் அண்ணா’ என்றார்கள், நடுவில் மாமா ஆனேன், போன வருஷம் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் ‘தாத்தா’ என்று கூப்பிட்டுவிட்டாள். சரி, தாத்தா சொல்கிறேன், கேளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். “அண்ணே, ஒன்பதாவது பசங்க ஐம்பத்திரண்டு பேர். ஊட்டி, மைசூர். கடைசி ரேட் சொல்லுங்க.” ரேட்டில்தான் பேச்சு தொடங்கும், ரேட்டில்தான் முடியும். டி.வி. உண்டா, பாட்டு நல்லாக் கேக்குமா, கலர் லைட் இருக்கா என்று கேட்பார்கள். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று, எப்போது எடுத்தாய், டயர் எப்படி இருக்கிறது, கூட இன்னொரு டிரைவர் வருவானா என்று இத்தனை வருஷத்தில் கேட்டவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். முதல் நாள் ராத்திரி தூங்கினாயா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

திட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான், ஏஜெண்ட் அச்சடித்து வைத்திருக்கிறார். வெள்ளி ராத்திரி 9 மணிக்குக் கிளம்பு. விடியும்போது மேட்டுப்பாளையம். சனிக்கிழமை முழுக்க ஊட்டி, ராத்திரி ஏதாவது ஒரு மண்டபத்தில் படுக்கை. ஞாயிறு மைசூர். இருட்டின பிறகு அங்கிருந்து கிளம்பி, திங்கள் காலை பிரேயர் மணிக்கு முன்னால் பள்ளி வாசல். எப்படியும் தொள்ளாயிரம் கிலோமீட்டர். இரண்டு ராத்திரியை ரோட்டிலேயே கழித்தால் இரண்டு ராத்திரி லாட்ஜ் காசு மிச்சம். அந்த மிச்சம் யாருக்கு என்பது எனக்குத் தெரியும், அதற்குள் இப்போது போகவில்லை.

ஒரு வருஷம் அப்படித் திரும்பி வந்தபோது நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், அந்த ஆசிரியர்கள் கெட்டவர்களும் இல்லை. கூட வரவேண்டிய மாற்று டிரைவரைச் செலவுக் கணக்குப் பார்த்து வெட்டிவிட்டார்கள். ஓசூர் தாண்டும்போதே சொன்னேன்: “சார், ஒரு மணி நேரம் கண்ணை மூடிட்டு எடுக்கறேன்.” “திங்கக்கிழமை ஸ்கூல் இருக்குப்பா, மெதுவாவே போ, நிறுத்தாதே” என்றார்கள். கிருஷ்ணகிரி தாண்டி மணி மூன்று இருக்கும். ரோடு நேராக, காலியாக இருந்தது. அந்த மாதிரி ரோடுதான் ஆளைத் தூங்க வைக்கும். பாட்டு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஐம்பது தலைகள், ஜன்னலில் சாய்ந்ததும் பக்கத்துத் தோளில் விழுந்ததுமாக. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது முன்னால் நின்ற லாரியின் பின்கதவு. லைட் எதுவும் போடாமல் ஓரமாக நிறுத்தியிருந்தான். ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. பின்சீட்டில் ஒரு பையன் மட்டும் எழுந்து “வேலூர் வந்துடுச்சா?” என்றான்.

ஒரு டீக்கடையைப் பார்த்து ஒதுக்கி, முகம் கழுவி, முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்க அவ்வளவு நேரம் ஆனது. ஆசிரியர் ஒருவர் இறங்கி வந்து, “ஏம்பா லேட் பண்றே?” என்றார். அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி பக்கம் ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று, நடு ராத்திரிக்குச் சற்று முன் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் பள்ளிப் பிள்ளைகள். செய்தி வந்த அன்று எங்கள் ஸ்டாண்டில் யாரும் பேசவில்லை. ஒவ்வொருவனுக்கும் தன் லாரிப் பின்கதவு ஒன்று ஞாபகத்தில் இருந்திருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2025 நவம்பரில் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. தூர வண்டிக்கு மிஞ்சிப் போனால் பத்து. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் அதில் இருந்தது. உங்கள் ஊட்டித் திட்டத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டு டிரைவர் இருந்தாலே இடிக்கும்.

அப்படியானால் பிள்ளைகளை எங்கேயும் அழைத்துப் போகவேண்டாமா என்று கேட்பீர்கள். அழைத்துப் போங்கள், கட்டாயம் போங்கள். பக்கத்தில் போங்கள், பகலில் போங்கள், ஆற அமரப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். கிலோமீட்டருக்குக் காசு வாங்குகிற நானே இதைச் சொல்கிறேன் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்பார்கள். பஸ்ஸில் ஏறுகிற வேலூர்ப் பிள்ளைகளிடம் சும்மா கேட்பேன்: கோட்டைக்குள் போயிருக்கிறீர்களா? எல்லாக் கையும் தூக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பார்கள், பூங்காவில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருப்பார்கள். 1806-இல் சிப்பாய்கள் எங்கே எழுந்தார்கள், திப்புவின் பிள்ளைகளை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டால் கை இறங்கிவிடும். பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக அது இருக்கிறது. மூன்று கிலோமீட்டரில் அகழியோடு அது நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை போல.

ஒரு வரலாற்று ஆசிரியை மட்டும் ஒரு காரியம் செய்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நேராகக் கோட்டைக்குப் போகாமல், முதலில் ஆற்காடு போகச் சொன்னார். பாலாற்றங்கரையில் தில்லி வாசலைக் காட்டினார், 1751-இல் கிளைவ் பிடித்த ஊர் இது என்று சொன்னார். அப்புறம் பிள்ளைகள் எல்லோரையும் மணி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “அண்ணே, இப்ப வேலூர் போங்க” என்றார். போகிற வழியில் மைக்கைப் பிடித்தார். 1806 ஜூலை 10, விடியலுக்கு முன்னால் கோட்டையில் சிப்பாய்கள் எழுகிறார்கள். புதுத் தலைப்பாகை, தாடியை எடு, நெற்றியில் குறி கூடாது என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்திருக்கிறது. சேதி இதே ரோட்டில் ஆற்காட்டுக்கு ஓடுகிறது. கில்லஸ்பி என்கிற அதிகாரி குதிரைப் படையோடு இதே ரோட்டில் வேலூருக்கு வருகிறான், அன்று காலையிலேயே வந்துவிடுகிறான். “ஆற்காடு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தா?” என்று ஒரு பையன் கேட்டான். டீச்சர் பதில் சொல்லாமல், கோட்டை வரும்வரை அவர்களையே பேச விட்டார். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன்.

கோட்டைக்குள் அவர் காட்டியது இன்னும் நிறைய. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-இல் சாகும்வரை வேலூரில்தான் கைதியாக இருந்தான். பாலாற்றுப் பக்கம் முத்து மண்டபத்தில் அவன் கல்லறை இருக்கிறது. எத்தனை பேர் அதைத் தாண்டி தினமும் டூவீலரில் போகிறோம்! கோயிலுக்குள் வந்தபோது டீச்சர், இங்கே வெகுகாலம் மூலவரே இல்லாமல் இருந்து, 1981-இல்தான் மறுபடி லிங்கம் வைத்தார்கள் என்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கூட்டத்தில் அப்பாவின் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னேன். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், ஏதோ சிப்பாய்க் கலகத்தையே நேரில் பார்த்தவன் மாதிரி.

அடுத்தது விரிஞ்சிபுரம். திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. வேலூரிலிருந்து பெங்களூரு ரோட்டில் அரை மணிகூட ஆகாது. மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பாதி வட்டம் மாதிரி செதுக்கி, கோடும் எண்ணும் வெட்டியிருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி.

ஒரு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போயிருந்தேன். வாசலில் கிடந்த துடைப்பக் குச்சியை ஒடித்து ஒரு பெண் வைத்தாள். நிழல் பத்தரையைக் காட்டியது. சாரின் போனில் மணி பதினொன்று. “பழைய காலத்துக் கல்லு, தப்பாத்தான் காட்டும்” என்றான் ஒருவன். குச்சி வைத்த பெண் விடவில்லை. குச்சியை நிமிர்த்தினாள், சாய்த்தாள், வேறு குச்சி மாற்றினாள். அப்போதும் அரை மணி வித்தியாசம். அறிவியல் சாருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. “தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்” என்றார். இப்படிச் சொல்கிற வாத்தியார் கிடைப்பது அபூர்வம்.

இரண்டு வாரம் கழித்து வாடகை பாக்கி வாங்கப் போனபோது அவரே எனக்குச் சொன்னார். நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. அதைக் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு வைத்திருக்கிறார்கள். விரிஞ்சிபுரம் 79 பாகைக்குப் பக்கம். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். ஆகவே சூரியன் நம் ஊர் உச்சிக்கு வர எப்போதுமே பதினாலு நிமிஷம் தாமதம். அதோடு, பூமி சூரியனைச் சுற்றுவது ஒரே வேகத்தில் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி மாதத்தில் இன்னொரு பதினாலு நிமிஷம் சேர்ந்துகொள்ளும். நவம்பர் தொடக்கத்தில் போனால் அதுவே மறுபக்கம் திரும்பி, கல்லும் கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கல் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். அந்த ஒரு விஷயம் எனக்கு அப்படியே மனப்பாடம். அந்தப் பெண்ணும் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் அவள் எடுத்த செல்ஃபி எந்த போனில் இருக்கிறதோ!

ஏலகிரிக்கு வருவோம். பதினாலு கொண்டை ஊசி வளைவு. தமிழ்ப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் டிரைவர்கள், “கபிலர்ல லாரி ஒன்னு ஏறிக்கிட்டிருக்கு, பாரியில நில்லு” என்று பேசிக்கொள்வோம். இதைக் கேட்டு ஒரு தமிழம்மா சிரித்துவிட்டு, அங்கேயே வகுப்பு எடுத்தார். செகண்ட் கியரில் ஏறும்போது ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கதை சொல்ல நேரம் இருக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, பாரி போன பின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு அலைந்த கபிலர், ஔவை, அதியமான். உச்சிக்குப் போகும்போது கடையெழு வள்ளல் பாடமே முடிந்துவிட்டது. யாரும் வாந்தியும் எடுக்கவில்லை. கதை கேட்கிற பிள்ளைக்குத் தலை சுற்றாது போலிருக்கிறது.

மேலே சுவாமிமலை ஏறுகிற பாதை இருக்கிறது. சாகசம் வேண்டும் என்கிற வயசுக்கு அது போதும். காலையில் ஏறி வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டு வந்தது. 2024-இல் வனத்துறையே நாற்பது பாதைகளைப் பட்டியல் போட்டு, வழிகாட்டியோடு அழைத்துப் போகிற திட்டமும் தொடங்கியது. அந்த மலைக்காரப் பிள்ளைகள்தான் வழிகாட்டி. ஆகவே பி.டி. சாருக்கு வழி தெரியும் என்று காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். வனத்துறையில் எழுதிக் கேட்டு, வழிகாட்டி வைத்துப் போங்கள். மார்ச் பிறந்தால் காய்ந்த புல்லுள்ள மலைப்பக்கமே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஜலகாம்பாறை அருவியோ, ஜவ்வாது மலையில் பீமன்மடுவு அருவியோ, மேலே மழை பெய்து ஒரு வாரம் ஆகாமல் பிள்ளைகளைப் பாறையில் இறக்க விடமாட்டேன். கீழே வெயில் அடிக்கும், மேலே கொட்டியிருக்கும். ஹிமாசலத்தில் பியாஸ் ஆற்றில் 2014-இல் ஹைதராபாத் கல்லூரிப் பிள்ளைகள் இருபத்து நாலு பேர் பாறைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அணையில் தண்ணீர் திறந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. வடோதராவில் 2024 ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் டீச்சர்கள் இரண்டு பேரும் போனது ஊருக்கு நடுவில் இருந்த ஒரு ஏரியில், படகில். அதில் பாதிப் பேருக்கு மேல் மிதவைச் சட்டை இல்லை. படகுக்காரர் “ஒன்னும் ஆகாது சார், இன்னும் நாலு பேர் ஏறட்டும்” என்றால் அங்கேயே எல்லோரையும் இறக்கிவிடுங்கள். காசு போனால் போகிறது.

இப்போது காவலூர். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

வாணியம்பாடியில் திரும்பி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். 1968-இல் சின்ன தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய வானாய்வு நிலையம் இருக்கிற இடம். இருட்டான வானத்தைத் தேடி அலைந்து வைணு பாப்பு என்கிற வானியல் விஞ்ஞானி இந்த மலையைப் பிடித்தார். இப்போது அங்கே 2.34 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி இருக்கிறது, நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது, 1986-இல் திறந்து அவர் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-இலேயே போய்விட்டார். யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைப் பார்த்த சில இடங்களில் நம் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள், கணக்கு வாத்தியார்கள் கவனிக்கவும். நிலநடுக்கோட்டுக்குப் பன்னிரண்டரை பாகைதான் தள்ளி இருப்பதால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானமும் பெரும்பாலும் தெரியும்.

இவ்வளவும் அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொன்னது, நான் வெளியே நின்று கேட்டது. இருபது வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் நான் வண்டியிலேயே படுத்துக்கொள்வதுதான் வழக்கம். அன்று ஒரு பையன் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து, “அண்ணா, சார் உங்களையும் கூப்பிட்டாரு” என்றான். சின்னத் தொலைநோக்கியில் அரை நிலாவைக் காட்டினார்கள். வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் பள்ளம் பள்ளமாக, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல். எங்கள் பெரியம்மா முகத்தில் அம்மைத் தழும்பு அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் ஒரு முறை பார்த்துவிட்டு ஓடிப்போய் மறுபடி கடைசியில் நின்றார்கள். எனக்கும் நிற்கவேண்டும் போலத்தான் இருந்தது, வயசு இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம். பெங்களூருவிலுள்ள இந்திய வான்இயற்பியல் மையத்தின் கீழ் அது இயங்குகிறது. முன்கூட்டியே எழுதி, நாளும் நேரமும் உறுதி செய்துகொண்டு போங்கள். மழைக்காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம். ஜனவரியிலிருந்து மார்ச்வரை வானம் துடைத்த மாதிரி இருக்கும். நட்சத்திரம் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டி, நிலாவின் பள்ளம் வேண்டுமென்றால் வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி. காலண்டரைக் கிழிக்கும்போது இதையும் பார்த்துத் தேதி குறியுங்கள்.

ராத்திரி வண்டி வேண்டாம் என்று எழுதியவனே ராத்திரி மலை இறங்கச் சொல்கிறானே என்று கேட்கலாம். நியாயம்தான். அன்று நாங்கள் ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பி, அடிவாரத்தில் ஆலங்காயத்தில் பிடித்திருந்த கல்யாண மண்டபத்தில் இறங்கிவிட்டோம். பிற்பகல் முழுக்க நான் தூங்கியிருந்தேன். ஏறின கியரிலேயே இறங்கினேன், பிரேக்கை நம்பி இறங்குகிறவன் மலை டிரைவர் இல்லை. மண்டபத்தில் தக்காளிச் சாதம், ஆளுக்கொரு போர்வை. மறுநாள் ஏலகிரி, இருட்டும் முன் வீடு. மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குள்.

ஜவ்வாது மலையில் மலையாளி என்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் உடனே “கேரளாவா?” என்பார்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று சொல்லி வையுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் கூட்டமாக நின்று போட்டோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். எனக்கு ஒரு ஆசை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு பேசி, நம் பிள்ளைகள் ஒரு நாள் அங்கே விருந்தாளி, அவர்கள் ஒரு நாள் வேலூர்க் கோட்டையில் நமக்கு விருந்தாளி என்று வைத்தால் என்ன? சாமை எப்படி விளைகிறது, பலாவில் எது முதல் காய் என்று அவர்கள் சொல்லட்டும். அகழியை நம்மவர்கள் காட்டட்டும்.

மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பாலாறு. அதைப் பார்க்கச் சுற்றுலா எதற்கு, தினமும்தான் பார்க்கிறோமே என்பீர்கள். தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று, சட்டம் படிக்கிற என் மகள் சொன்னாள். இந்த மடலைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். அழுக்காக்கியவனே அதற்கு ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றதில் நம் பாலாற்றுக்கும் பங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அனுமதி கேட்டு, உள்ளே வருகிற தண்ணீர் எப்படி, வெளியே போகிற தண்ணீர் எப்படி என்று காட்டலாம். திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி. அதற்கு எந்தப் பிள்ளையும் ஆட்சேபம் சொல்லாது.

காசு விஷயம். ஊட்டிக்கு ஆளுக்கு 1,800 ரூபாய் வாங்கிய ஒரு பயணம். கிளம்புகிற அன்று சாயங்காலம் அரிசி மூட்டை, ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒரு பையன்தான் எனக்கு டிக்கியில் ஏற்றிக் கொடுத்தான், வேர்த்து ஊற்றியது. “போய் இடம் பிடிடா, ஜன்னல் சீட் போயிடும்” என்றேன். “நான் வரலண்ணா, பாட்டி வீட்டுக்குப் போறேன்” என்றான். வண்டியை எடுத்துத் திருப்பும்போது பார்த்தேன். பள்ளிக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்த கிழவிக்குப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு பேர் போன வகுப்பில் எத்தனை பேர் இப்படிப் பாட்டி வீட்டுக்குப் போனார்கள் என்று நீங்கள்தான் கணக்குப் பார்க்கவேண்டும். பக்கத்துப் பயணத்துக்கு அதில் பாதிகூட ஆகாது. மேலாண்மைக் குழு மனம் வைத்தால் மீதியைத் திரட்டிவிடலாம். யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்பது வண்டியில் ஏறுகிற வாசலில் தெரியக் கூடாது.

பெண் பிள்ளைகள் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, மகள் எழுதுங்கள் அப்பா என்கிறாள். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். மத்தியானத்துக்குள் தலைவலி, மயக்கம். நான் இரண்டு மணிக்கு ஒரு முறை பெட்ரோல் பங்கில் நிறுத்துவேன். கிளீனரை முன்னால் அனுப்பி, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன். டீச்சரம்மா கையில் நாப்கின் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். பெண்கள் பள்ளிக்குக்கூட ஆண் ஆசிரியர்களை மட்டும் அனுப்பி வைத்த கதை எனக்குத் தெரியும்.

வண்டியைப் பற்றிக் கடைசியாக. உங்கள் பள்ளி பஸ்களை ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையாக நிறுத்தி, அவசர வழி திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுற்றுலாவுக்கு வாடகைக்கு வரும் என் மாதிரி வண்டியை உங்களுக்காக யார் பார்ப்பார்கள்? நீங்கள்தான். முதல் நாள் பகலில் வண்டியைப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் நாலையும் கேளுங்கள். அவசர வழிக் கதவை ஒரு பையனை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பல வண்டியில் அதன் முன்னால் ஒரு சீட்டைப் போட்டு அடைத்திருப்பார்கள். கோபப்படுகிற ஓனர் வண்டியை அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள், என்னுடையதாக இருந்தாலும்.

பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறை யாருக்கும் புக்கிங் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். எந்த அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு வந்தாலும் சரி. டீசல், டோல், கிளீனருக்கு பேட்டா, இது போதும், என் கூலி வேண்டாம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கெல்லாம் விரிஞ்சிபுரம். குச்சி நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பஸ் டிரைவர்,
காட்பாடி